நிலவுக் கண்ணாடி மணிகளின் பூர்வீகத்தைச் சொல்லும் ஒளி

நல்லூர்த் திருவிழாக் கடைகளில் அடுக்கியிருக்கும் கண்ணாடி வளையல்களைப் பாருங்கள். கண்ணாடிக்கு நிறம் கொடுப்பது அதில் கலந்துள்ள உலோகங்கள்தான். இரும்பு சேர்ந்தால் பச்சை, கோபால்ட் சேர்ந்தால் நீலம். ஒளியின் ஒரு பகுதியை உலோகம் உறிஞ்சிவிட, மிகுதி எமது கண்ணுக்கு வருகிறது. உறிஞ்சப்பட்டது எது என்று அளந்து, பொருளில் இருப்பது என்ன என்று அறிவதே நிறமாலையியல்.

நிலவிலும் கண்ணாடி உண்டு. 1971இல் அப்பலோ 15 பச்சை நிறக் கண்ணாடி மணிகளையும், 1972 டிசெம்பரில் அப்பலோ 17 செம்மஞ்சள் நிற மணிகளையும் கொண்டுவந்தன. மணலிலும் நுண்ணிய இந்த மணிகள், 300 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைகள் பீறிட்டபோது உறைந்த துளிகள்.

ஆனால் விண்கல் மோதி மண் உருகினாலும் கண்ணாடி பிறக்கும். இரண்டையும் பிரித்தறிவது எப்படி? ஆய்வுகூடத்தில் மணியின் மீது இலத்திரன் கற்றையைச் செலுத்தினால், ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். எரிமலை மணியின் சேர்க்கை எங்கும் சீரானது. அலுமினியத்தோடு ஒப்பிட மக்னீசியம் அதிகம். மோதலில் பிறந்ததில் உருகாத துணுக்குகளும் விண்கல்லின் நிக்கலும் கலந்திருக்கலாம்.

பூர்வீகத்தைப் பிழையாகக் கணித்தால் நிலவின் வரலாறே பிழைத்துவிடும். எரிமலை மணி நிலவின் ஆழத்திலிருந்து வந்தது. மோதல் மணி மேற்பரப்பு மண்ணில் பிறந்தது. 2008இல் அப்பலோ எரிமலை மணிகளுக்குள் நீரின் தடயம் கண்டறியப்பட்டபோது, நிலவின் உட்பகுதி முற்றாக வறண்டது என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டது.

அந்த நீர் ஓரிரு இடங்களுக்கு மட்டும் உரியதா? விடை தேட உதவியது, அதே ஆண்டு ஒக்டோபர் 22இல் ஏவப்பட்ட சந்திரயான்-1. கோவை மாவட்டம் கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம், நாசாவின் நிறமாலைக் கருவியொன்றையும் சுமந்து சென்றது. நிலவில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அது அளந்தது. சூடான தரை வெளியிடும் வெப்பக் கதிரைக் கழித்து, 2017இல் அத்தரவுகளை ஆராய்ந்தவர்கள், எரிமலைக் கண்ணாடி படிந்த பல இடங்களில் நீரின் அடையாளத்தைக் கண்டனர்.

சீனாவின் சாங்கே-5 கலம் 2020இல் கொண்டுவந்த மண்ணில் சுமார் 3,000 மணிகள் ஆராயப்பட்டன. எரிமலைக்கு உரியவை மூன்று மட்டுமே. 2024இல் வெளியான முடிவின்படி அவற்றின் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். அதே இடத்து எரிமலைப் பாறைகளுக்கோ 200 கோடி. நிலவின் நெருப்பு நாம் நினைத்ததைவிட மிகப் பிந்தியே அணைந்தது என்பதற்கு, அந்த மூன்று மணிகளே சாட்சி.