பெண்வேட அரசியின் விண்ணப்பம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டனில், 1888-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் இரவு, ஓர் இல்லத்தில் விருந்து நடந்துகொண்டிருந்தது. கூடியிருந்தோர் யாவரும் ஆடவர், கறுப்பினத்தவர், பலர் பட்டாடை உடுத்துப் பெண்வேடம் பூண்டிருந்தனர். திடீரெனப் போலீஸார் புகுந்தனர். பலர் தப்பி ஓடினர். பாலேட்டு நிறப் பட்டுக் கவுன் அணிந்த ஒருவர் மட்டும் ஓடாமல் வாயிலை மறித்து நின்றார். 'நீர் கண்ணியமான மனிதர் அல்லர்' என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே கூறினார். கைகலப்பில் அவருடைய ஆடை கிழிந்தது. அன்று கைதானோர் 13 பேர்.

அவர் பெயர் வில்லியம் டார்ஸி ஸ்வான். 1860-ஆம் ஆண்டை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அம்மாநிலம் 1864-இல் அடிமைமுறையை ஒழித்தது. பின்னர் அவர் தலைநகர் வந்து, ஹோட்டலில் பரிசாரகராகவும் கல்விச்சாலை ஒன்றில் துப்புரவுப் பணியாளராகவும் பிழைத்தார். பிழைப்புத் தேடித் தலைநகர் வந்த அத்தகையோர் வாழ்வை வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்விருந்துகளுக்கு அழைப்பு இரகசியமாகவே பரவும். வந்தவர்களில் பலர் முன்னாள் அடிமைகள். கேக்வாக் என்னும் நடனம் அங்கே விரும்பி ஆடப்பட்டது. தோட்ட முதலாளிகளின் மிடுக்கு நடையைக் கேலி செய்து அடிமைகள் தோற்றுவித்த ஆட்டம் அது. சிறந்த இணைக்குக் கேக் பரிசு. அக்கூட்டத்தார் ஸ்வானை 'அரசி' என்றே அழைத்தனர். நம் நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் ஏற்ற ஆடவரைப் பார்த்து நம் பாட்டனார் மெய்ம்மறந்தனர் அல்லவா? அங்கும் மேடையிலே பெண்வேடம் பூண்டவர்க்குக் கைதட்டல் கிடைத்தது. கட்டணமின்றித் தம் மகிழ்ச்சிக்காக ஓர் அறைக்குள் அதனைப் பூண்டவர்க்கோ விலங்கு கிடைத்தது.

1896-இல் ஸ்வான் மீண்டும் பிடிபட்டார். 'ஒழுங்கற்ற இல்லம் நடத்தினார்' என்பது குற்றச்சாட்டு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இச்சொற்றொடரில் சற்றே தயங்கி நிற்கிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வீட்டில் பொருள்கள் சிதறிக் கிடந்தன போலத் தோன்றும். சட்ட வழக்கிலோ அது விபசார விடுதியைச் சுட்டும் இடக்கரடக்கல். அக்குற்றச்சாட்டு பொய், நடந்தது நடன விருந்து. ஆயினும் 10 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

அத்தகைய தண்டனை பெற்றோர் வெளியுலகுக்கு அஞ்சி வாய் மூடிக் கிடப்பதே அந்நாளைய வழக்கம். ஸ்வான் அவ்வாறு கிடக்கவில்லை. வாஷிங்டன் எந்த மாநிலத்தையும் சேராமல் மத்திய சர்க்காரின் ஆட்சிக்கு உட்பட்ட நகரம். ஆதலின் அங்கே தண்டனை பெற்றவரை மன்னிக்கும் அதிகாரம் ஜனாதிபதியினுடையது. அவ்வழியை அறிந்து, ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்துக்கு அவர் விண்ணப்பித்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வேண்டுவது முரண்பாடே. ஆயினும் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். தம்மைப் போன்றோர் கூடி மகிழும் உரிமைக்காகச் சட்டத்தின் வழியில் நாட்டின் தலைவரையே அணுகியவர்களுள், நமக்குத் தெரிந்த அளவில், அமெரிக்காவில் முதல்வர் அவரே. அறுபதாம் ஆண்டுகளில் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் எழுந்த கிளர்ச்சிகளையே இவ்வரலாற்றின் தொடக்கமாகக் கூறுவோர், ஏறத்தாழ எழுபது ஆண்டுகளைக் கைவிட்டுவிடுகின்றனர்.

ஜனாதிபதி விண்ணப்பத்தை நிராகரித்தார். ஸ்வானின் பெயரும் மறைந்தது. பழைய செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் ஆராய்ந்த சானிங் ஜெரார்ட் ஜோஸப் என்னும் பத்திரிகையாளர், 2020-இல் 'தி நேஷன்' இதழில் எழுதிய கட்டுரையின் வாயிலாகவே உலகம் அவரைப் பரவலாக அறிந்தது.

ஸ்வான் அவ்விருந்துகளிலிருந்து விலகிய பின்னர், அவருடைய இளவல் டேனியல், தலைநகரின் பெண்வேடக் குழுவினருக்கு ஆடைகள் அளித்துவந்தார். 1954-இல் தாம் மறையும்வரை அவர் அப்பணியை விடவில்லை.