சாம்பியன் ரீப்ஸில் பெண்குழந்தைக்கு மலர்ப் பெயர்

கோலார் தங்கவயலின் சுரங்கக் குடியிருப்புகளுள் ஒன்றான சாம்பியன் ரீப்ஸ், பங்காருபேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளை ரயில் பாதையில் இருக்கிறது. இங்கே பெரும்பாலான வீடுகளில் பேசுவது தமிழ். அலுவலகத்தில் கன்னடம், அக்கம்பக்கத்தில் தெலுங்கு, சுரங்கக் கம்பெனி விட்டுச் சென்ற ஆங்கிலம் என்று இன்னும் மூன்று மொழிகள் அன்றாடம் காதில் விழும். வழக்கில் இல்லாத ஒரு மலர்ப் பெயரை மகளுக்கு வைக்க நினைக்கும் பெற்றோர், அந்தப் பெயர் இந்த நான்கு மொழிகளிலும் என்னவாகும் என்று பார்த்தாக வேண்டும். மதுரையிலோ தஞ்சாவூரிலோ அகராதியைப் புரட்டி அழகான சொல்லை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தங்கவயலில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது.

பழைய பெயர்கள்

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் அதை ஒட்டிய மாவட்டங்களிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வட ஆர்க்காட்டுப் பக்கம் பரவலாக இருந்த பெண் பெயர்களில் பூவும் உண்டு: பூங்காவனம், பூவம்மாள், செண்பகம், செவ்வந்தி, அலமேலு. கடைசிப் பெயரில் பூ இருப்பது பலருக்குத் தெரியாது. தாமரைமேல் அமர்ந்த திருச்சானூர்த் தாயாரை ‘அலர்மேல் மங்கை’ என்பார்கள். அதுவே பேச்சில் தேய்ந்து அலமேலு ஆயிற்று. திருப்பதி வழிபாடு வேரோடிய இந்த வட்டாரத்தில் அந்தப் பெயர் எந்தச் சாதிக்கும் அன்னியமில்லை.

வடமொழிப் பெயர்கள் நாகரிகமாகக் கருதப்பட்ட காலத்தில் தாமரை ஒன்றே பெண் பெயர்களை ஏறக்குறைய ஆண்டுகொண்டிருந்தது. பத்மா, பத்மினி, கமலா, சரோஜா, பங்கஜம், அம்புஜம், வனஜா, ஜலஜா, நீரஜா, நளினி என்று எதை எடுத்தாலும் பூ ஒன்றுதான். ‘நீரஜா’ புதுமையான பெயர் என்று தேர்ந்தெடுக்கும் வீட்டில் பாட்டியின் பெயர் பங்கஜமாக இருந்தால், பூ மாறவில்லை, எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. பாட்டி பெயரை வைத்தே ஆக வேண்டும் என்ற வற்புறுத்தலுக்கும் புதிய பெயர் வேண்டும் என்ற ஆசைக்கும் நடுவில் அகப்பட்ட இளம் தம்பதிக்கு இது ஒரு நல்ல வழி.

ஆங்கிலத் தோட்டத்துப் பெயர்கள்

தங்கவயலில் ஆங்கிலேயர்கள் காலூன்றிய அதே ஆண்டுகளில் பிரிட்டனில் பெண்குழந்தைகளுக்குப் பூப்பெயர் வைக்கும் மோகம் உச்சத்தில் இருந்தது. டெய்சி, லில்லி, வயலட், ஐவி, மிர்ட்டில் எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பெருகிய பெயர்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வழியாகவும் மிஷன் பள்ளிகள் வழியாகவும் லில்லி, ரோஸி, டெய்சி, வயலட் ஆகியவை தமிழ்க் கிறித்தவர்களிடமும் வந்து சேர்ந்தன. டெய்சி என்ற பெயருடைய தமிழ்ப் பாட்டிகளில் பெரும்பாலோர் டெய்சிப் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். வயலட் என்றால் பலருக்கு அது ஒரு நிறம். இந்தப் பெயர்கள் இப்போது வழக்கொழிந்து வருவதால், ‘வித்தியாசமான மலர்ப் பெயர்’ தேடுவோர் அவற்றையும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.

கத்தோலிக்கரிடம் தமிழில் பிறந்த ஒரு பெயர் உண்டு: சிறுமலர். லிசியே நகரத்துப் புனித தெரசாளுக்கு 1925-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவருடைய சிறப்புப் பெயரைத் தமிழாக்கி மகள்களுக்குச் சூட்டினார்கள். பூவின் இனத்தைச் சொல்லாத பூப்பெயர் இது. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஞானஸ்நானத்தில் கிறித்தவப் பெயர் சூட்டப்படுவதைப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ கிறித்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாதிருந்தால் போதும். எனவே குறிஞ்சி என்றோ முல்லை என்றோ ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதுவதற்கு இன்று தடை எதுவும் இல்லை.

பௌத்தமும் தனித்தமிழும்

ஒடுக்கப்பட்ட மக்களிடையே பௌத்தத்தைப் பரப்பிய அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் வாசகர்களும் ஆதரவாளர்களும் நிறைய இருந்தனர். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் பௌத்த சங்கங்கள் இயங்கின. ‘தமிழன்’ நின்றுபோன பின் 1926-இல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். சாதியைச் சுட்டும் பெயர்களையும் இழிவாக ஒட்டப்பட்ட பெயர்களையும் உதறிவிட்டுப் பிள்ளைக்கு மதிப்பான பெயர் வைப்பது இந்த மக்களுக்கு வெறும் ரசனை சார்ந்த காரியமாக இருக்கவில்லை. பூப்பெயரில் எந்தச் சாதியும் தெரியாது. பௌத்தருக்குத் தாமரை புத்தரின் பீடம் என்பதால் அதற்கு இன்னொரு தகுதியும் சேர்ந்தது.

மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், பிறகு சுயமரியாதை இயக்கமும் திராவிடக் கட்சிகளும் சேர்ந்து பெயர்களின் போக்கை மாற்றின. பத்மாவுக்குப் பதில் தாமரைச்செல்வி, புஷ்பாவுக்குப் பதில் மலர்விழி, மலர்க்கொடி, பூங்கொடி, பூங்கோதை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்து பூங்குழலியை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது. இவையெல்லாம் இன்று பழகிப்போன பெயர்கள். மலர்விழியை யாரும் வித்தியாசமான பெயர் என்று சொல்ல மாட்டார்கள்.

குறிஞ்சிப்பாட்டின் பூக்கூடை

அரிய பெயர் தேடுபவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களாக 99 பெயர்கள் அதில் வரிசையாக வருகின்றன என்பது பொதுவான கணக்கு. அந்த நூல் அடங்கிய பத்துப்பாட்டை உ.வே. சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்தார். அதாவது தங்கவயலின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் பாறையைக் குடைந்துகொண்டிருந்தபோதுதான் இந்தப் பூக்கள் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தன. அவற்றைப் பிள்ளைகளின் பெயராக்கும் எண்ணம் பின்னால் வந்தது.

பட்டியலை அப்படியே பெயர்ப் பட்டியலாக எடுத்துக்கொள்ள முடியாது. குளவி என்பது அங்கே காட்டு மல்லிகை, இங்கே கொட்டும் பூச்சி. நாகம் ஒரு மரத்தின் பூ, ஆனால் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பாரம், சுள்ளி, அவரை, வாழை ஆகியவற்றை மகளுக்கு வைப்பவர் இல்லை. நறவம் காதுக்கு இனிய சொல்தான், ஆனால் அதற்குக் கள் என்றும் பொருள் உண்டு. தமிழாசிரியர் ஒருவர் வகுப்பில் அதை எடுத்துச் சொல்லும் நாள் வரத்தான் செய்யும்.

தேறுபவையும் கணிசமாக உண்டு. மௌவல், தளவம், அதிரல் மூன்றும் முல்லை, மல்லிகை வகையைச் சேர்ந்த கொடிகள். சேடல் என்பது பவளமல்லி. பித்திகம் என்பது பிச்சிப்பூ. செருந்தி, ஞாழல், குரவம் ஆகியவையும் பெயராக நிற்கும். இவற்றில் என் தேர்வு மௌவல். ஒலி மென்மையானது, வேறு பொருளில் மாட்டிக்கொள்ளாது, அழைக்க எளிது. பள்ளியில் எழுத்துப் பிழை வரலாம் என்பதுதான் ஒரே குறை.

அனிச்சத்தின் கதை வேறு. முகர்ந்தாலே வாடிவிடும் பூ என்று திருக்குறளால் புகழ்பெற்றது அது. எந்தச் செடி அது என்பதில் அறிஞர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. யாரும் கண்ணால் கண்டு உறுதிசெய்யாத பூவின் பெயரை வைப்பதில் ஒரு கவர்ச்சி இருக்கலாம். ஆனால் மூச்சுப் பட்டால் வாடும் என்ற ஒரே குணத்துக்காகப் பேசப்படும் பூவின் பெயரைப் பெண்ணுக்குச் சூட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குத் தும்பை எவ்வளவோ மேல். வறண்ட நிலத்திலும் தானாக முளைக்கும் சிறிய வெள்ளைப் பூ. புறத்திணையில் இரு படைகள் நேருக்கு நேர் மோதும் போருக்குரிய பூவும் அதுவே. வெற்றிக்குரிய வாகையும் பொருந்தும், ஆனால் நடிகர் வாகை சந்திரசேகரால் அந்தச் சொல்லுக்கு ஓர் ஆண் சாயல் வந்துவிட்டது. அதுபோலவே செந்தாமரை என்றால் பழைய படங்கள் பார்த்தவர்களுக்கு மீசை வைத்த வில்லன் நடிகர்தான் நினைவுக்கு வருவார்.

குறிஞ்சி பெயராகப் புழங்கத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கு கடும் நஞ்சு என்பது நாட்டு வைத்தியர் அனைவரும் அறிந்தது. ஈழத்தில் அதையே கார்த்திகைப்பூ என்பார்கள். விடுதலைப் புலிகள் அதைத் தமிழீழத் தேசிய மலராக ஏற்றதால் அங்கே அந்தப் பெயரில் அரசியல் ஏறிவிட்டது. தாழம்பூ வேறொரு வகையில் தடைப்படும். பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதால் சிவபூசைக்கு ஆகாத பூ என்ற புராணத்தைச் சொல்லி, தாழை என்ற பெயரை வீட்டுப் பெரியவர்கள் மறுக்கக்கூடும்.

நான்கு மொழிக் காதுகள்

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பின் தங்கவயல் மக்களில் பெருந்தொகையினர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். இங்கே பிறக்கும் பெண்ணின் பெயரை நாளை கன்னடரும் தெலுங்கரும் இந்திக்காரரும் அழைக்கப்போகிறார்கள்.

இதில் முதலில் அடிபடுவது அல்லி. தமிழில் குளத்துப் பூ, நாட்டுப்புறக் கதையில் அல்லி அரசாணி. கன்னடத்திலோ ‘அல்லி’ என்றால் ‘அங்கே’. வருகைப் பதிவேடு வாசிக்கும்போது ஆசிரியர் அந்தப் பெயரைச் சொன்னால் வகுப்பு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. சென்னையில் குறையில்லாத இந்தப் பெயரைச் சாம்பியன் ரீப்ஸில் தவிர்ப்பதே நல்லது. தாமரைக்கும் சிறு சிக்கல் உண்டு: தெலுங்கில் ‘தாமர’ பூவையும் குறிக்கும், படர்தாமரை என்னும் தோல் நோயையும் குறிக்கும். ஆனாலும் கவிஞர் தாமரை போன்றோரால் அந்தப் பெயர் நன்றாகவே வாழ்கிறது, கர்நாடகத்தின் மாநில மலரும் அதுதான். ஆகவே இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லை தாண்டியும் நிற்கும் பெயர்கள் முல்லையும் நெய்தலும். முல்லையைக் கன்னடத்தில் ‘மொல்லெ’ என்பார்கள், தெலுங்கில் ‘மொல்ல’ என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் தெலுங்கில் இராமாயணம் பாடிய பெண் கவிஞரின் பெயரே மொல்ல. கன்னடத்தில் நெய்தல் ‘நைதிலெ’ ஆகும், கேட்ட மாத்திரத்தில் புரிந்துவிடும். இந்த இரண்டில் நெய்தல் இன்னும் அரிதாகவே இருக்கிறது. கடலே இல்லாத கோலார் மேட்டுநிலத்தில் கடற்கரைத் திணையின் பெயரா என்று கேட்பவர் இருந்தால், பூ குளத்திலும் பூக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ழகரம் தனிப் பிரச்சினை. பழங்கன்னடத்தில் அந்த ஒலிக்கு எழுத்து இருந்தது, பிறகு வழக்கொழிந்துவிட்டது. பூங்குழலியும் தாழையும் மகிழினியும் இன்றைய கன்னடத்தில் ளகரத்தில்தான் எழுதப்படும். மகிழம்பூமீது ஆசை இருந்து ழகரம் வேண்டாம் என்று நினைப்பவருக்கு அதே பூவின் இன்னொரு பெயர் கைகொடுக்கும்: வகுளம். குறிஞ்சிப்பாட்டிலேயே இருக்கிறது. திருப்பதிக் கதையில் சீனிவாசனை வளர்த்த தாயின் பெயர் வகுளாதேவி என்பதால் கன்னடருக்கும் தெலுங்கருக்கும் அது தெரிந்த பெயர்.

பதிவேட்டில்

1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தை பிறந்ததை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பெயரும் முடிவாகியிருக்க வேண்டும் என்று பலர் தவறாக எண்ணி, தொட்டில் போடும் முன்னரே ஏதோ ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பெயரில்லாமலும் பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். மாமியார் வீட்டுப் பட்டியலையும் தாய்வீட்டுப் பட்டியலையும் சோதிடர் சொன்ன முதலெழுத்தையும் ஒன்றாக வைத்துப் பேசி முடிக்க ஓராண்டு போதும்.

கர்நாடகத்தில் பிறப்புச் சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ் எழுத்தில் பெயர் எங்கும் இருக்காது. எனவே இரண்டு எழுத்துக்கூட்டலையும் பெற்றோரே முன்கூட்டித் தீர்மானித்துத் தாளில் எழுதிக் கொடுப்பது அவசியம். செண்பகம் என்ற பெயரில் உள்ள ப, க இரண்டுக்கும் தமிழில் ஒவ்வோர் எழுத்துதான். கன்னடத்தில் வலிந்த ஒலிக்கு ஓர் எழுத்து, மெலிந்த ஒலிக்கு வேறோர் எழுத்து. பெற்றோர் சொல்லாவிட்டால் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஒன்றை எழுதுவார். தாமரைச்செல்வியின் நடுவில் வரும் ‘ச்’ ஆங்கிலத்தில் சிலரிடம் நிற்கும், சிலரிடம் விழுந்துவிடும். சான்றிதழில் ஒருவிதமும் பள்ளி மாற்றுச் சான்றிதழில் வேறுவிதமும் இருந்தால், கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த ஓர் எழுத்துக்காக உறுதிமொழிப் பத்திரம் எழுத நேரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டத் திருத்தம் வந்திருப்பதால், மௌவலோ நெய்தலோ எதுவானாலும், முதலில் எழுதிய எழுத்துக்கூட்டலே பிற ஆவணங்களுக்கும் அடிப்படையாகும்.