சுவீகாரம் மறைத்த கேள்வி: செட்டிநாடும் ஆண் கருவளமும்

பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளை தரும் ஏற்பாட்டைச் செட்டிநாட்டு நகரத்தார் அளவுக்கு ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்ட தமிழ்ச் சமூகங்கள் குறைவு. டேவிட் ரட்னர் (1994), யூகோ நிஷிமுரா (1998) ஆகியோரின் நூல்கள் முதற்கொண்டு, இச்சமூகத்தைப் பற்றிய ஆய்வுகள் சுவீகாரத்தைக் குலம், முதல், சொத்துரிமை ஆகியவற்றோடு சேர்த்தே பார்த்துவந்துள்ளன. அந்தப் பார்வை சரியானதுதான். ஆனால் அதே ஏற்பாட்டை மருத்துவத்தின் பக்கம் நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது: குறை எங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டிய தேவையையே சுவீகாரம் இல்லாமல் செய்துவிட்டது. கேட்கப்படாத கேள்வியின் சுமை பெண்ணின் தலையில் விழுந்தது. சுவீகாரம் அருகிக் கருத்தரிப்பு மையங்கள் பெருகியுள்ள இன்றும் அந்தச் சுமை இறங்கவில்லை. கருவளச் சிகிச்சை ஆணின் உடலையும் முதல் நாளிலேயே சோதித்துத் தொடங்க வேண்டும் என்பதும், அதற்கான காரணங்கள் செட்டிநாட்டு வாழ்க்கைக்குள்ளேயே கிடக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. புள்ளியும் பிள்ளையும்

இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது நகரக் கோயில்களே நகரத்தாரின் குலப் பிரிவுகள். திருமணமானதும் தம்பதியர் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகிறார்கள். வாரிசில்லாத புள்ளி அற்றுப்போகாமல் இருக்க, அதே கோயில் வழியில் பிள்ளை கூட்டிக்கொள்வது வழக்கம். கைக்குழந்தைதான் வேண்டும் என்பதில்லை; வளர்ந்தவரையும் கூட்டலாம். 1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம், தத்து வருபவர் 15 வயது நிரம்பாதவராகவும் மணமாகாதவராகவும் இருக்கவேண்டும் என்கிறது. கூடவே, வழக்காறு வேறாக இருந்தால் அது செல்லும் என்று விலக்கும் தருகிறது. இத்தகைய வழக்காறுகளுக்கு அந்த விலக்கில் இடம் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை, கொடுப்பதற்குப் பிள்ளைகள் இருந்ததுதான். 1927-இல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசனுக்கு உடன்பிறந்தோர் எட்டுப் பேர். சிறு வயதில் 7000 ரூபாய்க்குச் சுவீகாரம் போன அவர், புகுந்த வீட்டில் நாராயணன் ஆனார். இன்று நிலைமை தலைகீழ். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1.8. ஒற்றைப் பிள்ளை வைத்திருப்பவர்கள் யாருக்குக் கொடுப்பார்கள்? சுவீகாரம் தேய்ந்ததற்குப் புதுமை மோகத்தைக் காட்டிலும் இந்தக் கணக்கே பெரிய காரணம்.

பிள்ளையின்மைக்கே இன்னொரு பழைய காரணமும் உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தப் போன ஏஜெண்டுகளின் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. ஆச்சிமார் ஊரிலேயே இருந்தார்கள். அன்று மலடி என்று பேர் வாங்கிய பெண்களில் எத்தனை பேருக்குக் குறை உடலில் இருந்தது, எத்தனை பேருக்குக் குறை கப்பல் பயணத்தில் இருந்தது என்பதை எந்தப் பேரேடும் எழுதி வைக்கவில்லை.

2. குறை யாருடையது?

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்ற பழமொழியில் சுற்றுபவள் பெண். கேலிக்கு ஆளாகிறவளும் பெண். நாகப் பிரதிஷ்டை, இராமேசுவர நீராடல் ஆகியவற்றுக்குக் கணவன் துணைக்குப் போனாலும் வேண்டுதல் அவள் வயிற்றுக்குத்தான். சென்னை மாகாணத்தில் 1949-இல் இருதார மணத் தடைச் சட்டம் வரும்வரை, அடுத்த தீர்வு இரண்டாம் தாரம். இரண்டாமவளுக்கும் பிள்ளை இல்லாதபோதுதான் கணவன் மேல் ஐயம் எழுந்திருக்க முடியும். அந்த இடத்தில் சுவீகாரம் வந்து ஐயத்தையும் மூடிவிட்டது.

சட்டமும் இதே பார்வையைத்தான் காட்டுகிறது. மருந்துகள், மாயத் தீர்வுகள் பற்றிய 1954-ஆம் ஆண்டு விளம்பரச் சட்டத்தின் அட்டவணையில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத 54 நோய்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெண்ணின் மலட்டுத்தன்மை அதில் உண்டு, ஆண்மையின்மையும் உண்டு. ஆணின் மலட்டுத்தன்மை இல்லை. ஆணுக்கு வரக்கூடிய குறை ஒன்றே ஒன்றுதான், அது படுக்கையறைக் குறை என்று சட்டம் எழுதியவர்களும் எண்ணியிருக்கிறார்கள். பேருந்து நிலையத்துப் பக்கம் லாட்ஜில் அறை எடுத்து, தேதி போட்டு விளம்பரம் செய்து உட்காரும் வைத்தியர்களின் பிழைப்பும் இந்தக் குழப்பத்தில்தான் ஓடுகிறது. ஆண்மையின்மையும் மலட்டுத்தன்மையும் வெவ்வேறு. உறவில் எந்தக் குறையும் இல்லாத ஆணின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். அவனுக்கு அது தெரியவே தெரியாது.

கணக்கெடுப்பும் இதற்கு விலக்கில்லை. மேற்சொன்ன குடும்பநல ஆய்வில் 7,24,115 பெண்களிடம் கேள்வி கேட்கப்பட்டது. ஆண்களில் 1,01,839 பேரிடம். பிள்ளைப்பேறு பற்றிய நம் அறிவு ஏறத்தாழ முழுவதும் பெண் வாயிலிருந்து பெற்றது.

3. ஒரு துளியின் கணக்கு

விந்தணுவை டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் உருப்பெருக்கியில் கண்டது 1677-இல். அதை எண்ணும் முறைக்கு உலக சுகாதார நிறுவனம் முதல் கையேடு வெளியிட்டது 1980-இல். ஆறாம் பதிப்பு 2021-இல் வந்தது. சோதனை எளியது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பின் மாதிரி தரவேண்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடற்சூட்டிலேயே ஆய்வுக்கூடத்துக்கு வந்துசேர வேண்டும். கூழாக இருக்கும் விந்து அரை மணி அளவில் நீர்த்ததும், நுட்பர் ஒரு துளியைக் கட்டம் போட்ட கண்ணாடியில் இட்டுக் குறைந்தது 200 அணுக்களை எண்ணுகிறார். சரிபார்க்க மறுபடி 200. முன்னேறி நீந்துபவை, நின்ற இடத்தில் துடிப்பவை, அசையாதவை என்று பிரிக்கிறார். ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி, மொத்தத்தில் 3.9 கோடி, அசைவு 42%, சரியான உருவம் 4% என்பவை கையேடு தரும் கீழ் அளவுகள்.

இவை தேர்ச்சி மதிப்பெண்கள் அல்ல. ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களில் கடைசி 5% பேர் நின்ற கோடு அது. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கும் பிள்ளை பிறக்கலாம். மேலே இருப்பவருக்கும் பிறக்காமல் போகலாம். ஒரே ஆளின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் வெகுவாக மாறும். ஆகவே ஒரே அறிக்கையை வைத்து யாரையும் தீர்த்துச் சொல்லக்கூடாது.

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. சோதனை சில நூறு ரூபாயில் முடியும். இருந்தும் பெண்ணுக்குக் கருக்குழாய் எக்ஸ்ரேயும் லேப்ராஸ்கோப்பியும் முடிந்தபிறகே கணவர் கூடத்துக்கு வரும் வழக்கம் மாறவில்லை. “அவருக்கு ஒண்ணுமில்லைங்க, அவர் நல்லாத்தான் இருக்கார்” என்று அவளே சொல்லவேண்டிய நிலையில்தான் பல மனைவிமார் மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள்.

4. சூடு, தொழில், பயணம்

விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் ஆகிறது. முதிர்ந்து வெளியேற மேலும் சில நாட்கள். இன்று எண்ணப்படும் அணு மூன்று மாதத்துக்கு முந்தைய வாழ்க்கையின் விளைவு. விரைகள் உடற்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் இந்த உற்பத்தி செவ்வனே நடக்கும். விரைப்பை உடலுக்கு வெளியே தொங்குவது இதற்காகவே.

செட்டிநாட்டுச் சமையலின் காரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, அடுப்புக்கு உண்டு. கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பின் முன் விடியற்காலையிலிருந்து நிற்கும் சமையல்காரருக்கு, விறகு அனல் இடுப்புக்குக் கீழேதான் நேராக அடிக்கிறது. வாரக்கணக்கில் முகூர்த்தம் தொடர்ந்தால் சூடும் தொடர்கிறது. பீங்கான் சூளையில் வேலை செய்தவர்களையும் நெடுநேரம் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர்களையும் இத்தாலியிலும் பிரான்சிலும் ஆராய்ந்தவர்கள் இதே ஐயத்தை எழுப்பியுள்ளனர். லாரி ஓட்டுநருக்கும் பேக்கரித் தொழிலாளிக்கும் இது பொருந்தும்.

நகைப்பட்டறையின் ஆபத்து வேறு. கேடிஎம் என்று கடைகளில் சொல்லப்பட்டது காட்மியம் கலந்து பற்றவைத்த நகையை. ஊதும்போது எழும் புகையை முதலில் உள்ளிழுப்பவர் ஆசாரி. காட்மியம் எலிகளின் விரைகளை அழிப்பதைச் செக்கோஸ்லோவாக்கிய ஆய்வாளர் பாரிசெக் 1950-களிலேயே காட்டினார். மனிதரில் தீங்கின் அளவு பற்றி ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை என்றாலும், பட்டறையில் காற்றோட்டம் கேட்பதற்கு இவ்வளவு சான்று போதும். பூச்சிக்கொல்லிகளுக்கு இதைவிட நேரடியான சான்று உண்டு. கலிபோர்னியாவில் நூற்புழுக்கொல்லியான டிபிசிபியைத் தயாரித்த ஆலையில் 1977-இல் ஆண்கள் பலர் மலடானது தெரியவந்தது. கண்டுபிடித்தது மருத்துவரல்ல. யாருக்குமே பிள்ளை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டதிலிருந்துதான் உண்மை வெளியே வந்தது.

பர்மா போனவர்களின் இடத்தில் இப்போது வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆண்டு வேலை, இரண்டு மாத விடுப்பு. கருத்தரிக்கும் வாய்ப்பு மாதத்தில் ஏறத்தாழ ஆறு நாள் மட்டுமே. ஒரு விடுப்பில் அத்தகைய தருணம் இரண்டு முறை வரும். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் கருவளக் குறை என்று மருத்துவம் பெயரிடுகிறது. கல்யாணமாகி நான்கு வருஷமாச்சு என்று உறவினர் போடும் கணக்கில் உண்மையில் நான்கு மாதமே இருக்கக்கூடும். அதோடு, வளைகுடாவிலிருந்து வருபவரிடம் இரண்டு மாத விடுப்பில் வெளிப்படும் விந்தணுக்கள் உருவாகத் தொடங்கியது பாலைவன வெயிலில்.

இவற்றைவிடப் பரவலான காரணங்களும் உண்டு. வெரிகோசீல் எனப்படும் விரைநாளப் புடைப்பு ஆண்களில் 15% பேருக்கு இருக்கிறது. கருவளக் குறையோடு வருபவர்களில் ஏறத்தாழ 40% பேருக்கு. நிற்கவைத்துத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். பலருக்கு அறுவை பலன் தரும். புகையிலை மெல்லுவதும் விந்தணுவின் தரத்தைக் குறைக்கிறது என்பதை மும்பை ஆண்களிடம் நடந்த ஆய்வு 2005-இல் காட்டியது. புகைக்கவில்லையே என்று மெல்லுகிறவர் ஆறுதல் கொள்ள இடமில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் தசைக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மூளையிலிருந்து விரைக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. பருவ வயதுக்குப் பின் பொன்னுக்கு வீங்கி வந்தால் நூற்றுக்கு 20, 30 பேருக்கு விரையும் வீங்கும். தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு, இதற்கு இல்லை. சில காரணங்கள் மரபணுவில் இருக்கின்றன. ஐதராபாத் ஆய்வாளர் தங்கராஜ் குழுவினர், விந்தணுவே இல்லாத 340 இந்திய ஆண்களில் 8.5% பேருக்கு ஒய் குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாததை 2003-இல் வெளியிட்டனர். இந்த இழப்பு பெரும்பாலும் அந்த ஆணில்தான் புதிதாகத் தோன்றுகிறது. எங்கள் வம்சத்தில் அப்படி எதுவும் இல்லை என்ற பதிலுக்கு மருத்துவத்தில் மதிப்பில்லை.

5. இரண்டு மறுப்புகள்

உலகெங்கும் ஆண்களின் விந்தணு பாதியாகிவிட்டதே, செட்டிநாட்டை மட்டும் ஏன் தனியே பேசவேண்டும் என்பது முதல் மறுப்பு. 1973 முதல் 2018 வரை செறிவு 51.6% குறைந்ததாக ஹாகாய் லெவின் குழுவினர் 2022-இல் தொகுத்துக் காட்டியது உண்மை. எண்ணும் முறைகள் இடையில் மாறின, மாதிரிகள் ஒத்தவை அல்ல என்று அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எது சரியானாலும் தனி மனிதனுக்கான சிகிச்சை அதனால் மாறாது. உலகச் சராசரியைக் காட்டிக் கலியுகம் என்று பெருமூச்சு விடுவது, அவனைச் சோதிக்காமல் விடுவதற்கு இன்னொரு சாக்காகத்தான் முடியும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஒரே விந்தணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை 1992-இல் பிரஸ்ஸல்ஸில் வெற்றி கண்டது. அணு கிடைத்தால் போதும், காரணம் எதற்கு என்கிறார்கள். காரணம் மூன்று வகையில் வேண்டும். ஆணின் குறைக்காகத் தினம் ஊசி போட்டுக்கொள்பவளும், மயக்க மருந்தில் முட்டை எடுக்கப் படுப்பவளும் பெண். சிறு அறுவையில் தீரக்கூடிய குறைக்கு அவள் உடல் ஈடாகக்கூடாது. ஒய் குரோமோசோம் குறை இக்சி வழியாக மகனுக்கும் போகும் என்பதைப் பெற்றோர் முன்பே அறியவேண்டும். கருவளக் குறை சிலரிடம் நீரிழிவு, விரைப் புற்று போன்றவற்றின் முதல் அடையாளம். இக்சி இவற்றையெல்லாம் கேட்காமல் தாண்டிப்போகிறது. சுவீகாரம் செய்ததையே ஆய்வுக்கூடம் வேறு விலையில் செய்கிறது.

6. முடிவுரை

சுவீகாரத்தைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மருத்துவம் கைகொடுக்காத காலத்தில் அது வீடுகளைக் காப்பாற்றியது. இரண்டாம் தாரத்தைவிட மனிதத்தன்மை உள்ள வழியும் அதுதான். ஆனால் அன்று தெரிந்துகொள்ள வழியில்லாததை இன்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு நியாயம் இல்லை. பிள்ளைக்காக மருத்துவமனைக்கு வரும் தம்பதியரில் கணவருக்கு உடற்பரிசோதனையும், சில வார இடைவெளியில் இரண்டு விந்துச் சோதனைகளும் நடக்கும்வரை, மனைவிக்குக் கத்தி வைக்கும் எந்தச் சோதனையும் தொடங்கக்கூடாது. அரசு மருத்துவமனைகள் இதை விதியாக்க வேண்டும். விரை இறங்காத ஆண் குழந்தைகளை ஆறாவது மாதத்திலேயே கண்டு, ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்யவேண்டும். தடுப்பூசிப் பட்டியலில் பொன்னுக்கு வீங்கியைச் சேர்க்கவேண்டும். அடுத்த குடும்பநல ஆய்வில் பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளை ஆண்களிடமும் அதே அளவில் கேட்கவேண்டும். வீட்டுப் பெரியவர்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: மருமகளை எந்த மருத்துவரிடம் காட்டலாம் என்று விசாரிக்கும் முன், மகனைச் சோதனைக்கு அனுப்புங்கள்.