சலூன் வாசமும் சலூன்காரரும்

காலி வீதியால நடந்து போகேக்க பம்பலப்பிட்டியில ஒரு சலூன் கதவு திறந்தால் போதும், போர்டைப் பார்க்காமலே அது சலூன் என்று மூக்குச் சொல்லிவிடும். சவர்க்காரம், பவுடர், ஆஃப்டர் ஷேவ் எல்லாம் கலந்த வாசம் அது. இன்றைக்கு அந்த வாசத்தையே 'கிளாசிக் பார்பர்ஷொப்' என்று போத்தலில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

முதலில் இது வாசத்துக்காக வந்த பொருளே இல்லை. கத்தி கீறின தோலில் கிருமி சேராமல் இருக்க மதுசாரம், இரத்தம் நிற்கப் படிகாரம், அவ்வளவுதான். மேற்கிந்தியத் தீவுகளில் ஒருவகை இலையின் எண்ணெயை ரம்மில் கலந்து 'பே ரம்' செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது அமெரிக்க சலூன்களுக்குப் போனது. 1868இல் வில்லியம் பெர்கின், காய்ந்த புல் போல மணக்கும் கூமரினை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். 1882இல் பாரிஸின் ஊபிகான் நிறுவனம் கூமரினோடு லாவண்டரையும் ஓக் மர பாசியையும் சேர்த்து 'ஃபூஜேர் ரோயால்' வெளியிட்டது. ஃபூஜேர் என்றால் பன்னம். பன்னத்துக்கோ பெரிதாக வாசமே கிடையாது! அந்தக் கற்பனை வாசம்தான் பிறகு சவர சோப்புகளிலும் ஆஃப்டர் ஷேவ்களிலும் பரவியது.

'ஆம்பிளை வாசம்' என்று நாங்கள் நம்புகிற ஓல்ட் ஸ்பைஸ் கூட 1937இல் பெண்களுக்காகத்தான் முதலில் வந்தது. ஆண்களுக்கான போத்தல் அடுத்த வருடம்தான்.

சரி, வாசத்துக்கு மரியாதை வந்துவிட்டது. அந்த வாசத்துக்குள்ளேயே நாள் முழுக்க நின்று வேலை செய்தவருக்கு?

டொமினிக் ஜீவா (1927–2021) சாதி சொல்லி அவமதிக்கப்பட்டுப் பாடசாலையை விட்டவர். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் முடி வெட்டிக்கொண்டே எழுதினார். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுப்புக்கு சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். போர்க்காலத்தில் கொழும்புக்கு வந்தும் அதை நிறுத்தவில்லை. கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து நடத்தினார். தன் தொழிலை அவர் ஒருபோதும் ஒளிக்கவில்லை.

ஆனால் எங்கட பகிடிகளில் அந்தத் தொழிலின் சாதிப்பெயர் இன்னும் ஏச்சாகத்தான் வருகிறது. கம்பஸ் கன்டீனில் கூட. பார்பர்ஷொப் வாசம் பூசிக்கொண்டு அப்படிப் பகிடி விடுகிறவனிடம் ஒன்று கேளுங்கள்: மச்சான், கழுத்தில கத்தி வைக்க நீ நம்புற ஆளை, வாயால மட்டும் ஏன் கீழே தள்ளுறாய்?