மாதிரி ரயில் நிறுவனங்களும் இந்திய ரயில்களும்

மாதிரி ரயில் என்பது உண்மையான தொடர்வண்டியை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்யப்படும் சிற்றுரு ஆகும். குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகத் தொடங்கிய இது, பின்னர் பெரியவர்களும் சேகரிக்கும் பொழுதுபோக்காக வளர்ந்தது. இதைத் தயாரித்துப் புகழ்பெற்ற ஐரோப்பிய நிறுவனங்கள் பல இன்று பெயரளவில் மட்டுமே உள்ளன. உலகின் மிகப் பெரிய ரயில் அமைப்புகளுள் ஒன்றைக் கொண்ட இந்தியாவிலோ, நம் ரயிலை அளவு பிசகாமல் செய்து விற்கும் பெருந்தொழில் உருவாகவே இல்லை. இதற்கு விலை மட்டும் காரணமன்று. தண்டவாளத்தின் அகலமும் ஒரு காரணம்.

தொடக்கம்

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859-இல் தொடங்கப்பட்ட மார்க்லின் நிறுவனம் முதலில் பொம்மை வீடுகளுக்கான தகரச் சமையல் பாத்திரங்களையே செய்துவந்தது. 1891-இல் லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைத் தண்டவாளங்களுடன் காட்சிக்கு வைத்தது. தண்டவாள அகலங்களுக்கு எண்ணிட்டு வரிசைப்படுத்தியதுதான் அந்நிறுவனம் செய்த பெரிய காரியம். அதன்பின் ஒரு பிறந்தநாளுக்கு எஞ்சினும் அடுத்த பிறந்தநாளுக்குப் பெட்டியும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்றாயிற்று.

இங்கிலாந்தில் மெக்கானோ விளையாட்டுக் கருவியை உருவாக்கிய ஃபிராங்க் ஹார்ன்பி, 1920-இல் லிவர்பூலிலிருந்து தம் பெயரிலேயே ரயில்களை வெளியிட்டார். அவரது மறைவுக்குப் பின், 1938-இல், ‘ஹார்ன்பி டப்லோ’ என்னும் சிறிய அளவு வந்தது.

பெயர் கைமாறிய வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்ததும் மாதிரி ரயில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. புதுச்சேரிக்காரர் பலருக்கு உறவினர் வாழும் நாடான பிரான்சில் இவ்வகை ரயில்களைப் பரப்பியது ஜூயெஃப் நிறுவனம். 1944-இல் ஜூரா மலைப்பகுதியின் ஷாம்பஞோல் என்னும் சிற்றூரில் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் ‘பிளேகிராஃப்ட்’ என்ற பெயரில் விற்கப்பட்ட ரயில்களும் இதன் தயாரிப்புகளே. இத்தாலியில் லிமாவும் ரிவரோசியும், ஜெர்மனியின் நூரம்பர்க்கில் அர்னால்டும் இயங்கின. 1:160 என்னும் மிகச் சிறிய அளவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது அர்னால்டுதான்.

தொலைக்காட்சியும் பின்னர் கணினி விளையாட்டும் சிறுவர்களை ஈர்த்துக்கொள்ள, இந்நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நொடித்தன. அர்னால்டும் ஜூயெஃபும் 1990களில் இத்தாலியக் கைகளுக்குச் சென்றன. பிறகு அந்த இத்தாலியக் குழுமமும் சரிந்தது. 2004-இல் லிமா, ரிவரோசி, அர்னால்டு, ஜூயெஃப் ஆகிய நான்கு பெயர்களையும் அச்சுவார்ப்புகளையும் ஹார்ன்பி வாங்கியது.

வாங்கிய ஹார்ன்பியின் கதையும் வேறல்ல. 1964-இல் அதைப் போட்டி நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கியது. 1971-இல் லைன்ஸ் பிரதர்ஸே வீழ்ந்தது. 1990களில் உற்பத்தி சீனாவுக்கு மாறியது. ஆகவே இன்று பெட்டியின் மேல் ‘ஜூயெஃப்’ என்றிருந்தாலும் அது ஷாம்பஞோலில் செய்யப்பட்டதன்று. மார்க்லின்கூடத் தன் 150-ஆம் ஆண்டான 2009-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2013-இல் சிம்பா டிக்கி என்னும் பொம்மைக் குழுமத்தின் குடும்பத்தாரிடம் சென்றது.

அகலத்தின் சிக்கல்

ஐரோப்பிய ரயில்களின் பொது அகலம் 1435 மி.மீ. உலகில் மிகப் பரவலான ‘எச்.ஓ.’ அளவில் (1:87) இது 16.5 மி.மீ. ஆகிறது. பெருநிறுவனங்கள் எல்லாம் இந்தத் தண்டவாளத்துக்கே எஞ்சின் செய்தன.

இந்திய அகலப்பாதையோ 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் சுமார் 19.3 மி.மீ. வரும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் இந்தியப் பெட்டியை நிறுத்தினால், சக்கரங்கள் ஏறக்குறைய 3 மி.மீ. உள்ளே ஒடுங்கி நிற்கும். எண்ணளவில் சிறிதுதான், ஆனால் தினமும் ரயிலைப் பார்த்துப் பழகிய கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும். (பிரித்தானியரின் ‘ஓ.ஓ.’ மாதிரிகளிலும் இதே குறை உண்டு. அவர்கள் அதற்குப் பழகிக்கொண்டார்கள்.)

புதுச்சேரியின் நிலை இன்னும் வேறு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியையும் பிரித்தானியர் ஆட்சியிலிருந்த விழுப்புரத்தையும் இணைத்து 1879-இல் போடப்பட்ட பாதை மீட்டர்பாதை. இந்த நூற்றாண்டில்தான் அது அகலப்பாதையாக மாற்றப்பட்டது. மீட்டர்பாதை எச்.ஓ. அளவில் 11.5 மி.மீ.; நடைமுறையில் 12 மி.மீ. தண்டவாளம் பயன்படுகிறது. எனவே பழைய, புதிய புதுச்சேரி ரயில்கள் இரண்டையும் ஒரே மேசையில் சரியாக ஓட்ட விரும்புபவருக்கு இருவேறு தண்டவாளங்கள் தேவை. அவற்றுள் ஒன்றுகூட வழக்கமான 16.5 மி.மீ. அன்று.

இந்தியாவில்

விடுதலைக்குப் பின் நெடுங்காலம் நுகர்பொருள் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அளவுக் கட்டுப்பாடுகள் முழுமையாக நீங்கியது 2001 ஏப்ரலில்தான். அதாவது ஐரோப்பாவில் இத்தொழில் செழித்திருந்த ஆண்டுகளில் இந்தியச் சிறுவர்களுக்கு அது எட்டவில்லை. வழி திறந்தபோது தொழிலே தளர்ந்துவிட்டது. பின்னர் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதே இதன் நோக்கம். ஆனால் சுங்க அட்டவணையில் மாதிரி ரயிலும் கிலுகிலுப்பையும் ஒரே தலைப்பில் வருவதால், உள்நாட்டில் கிடைக்காத எஞ்சினுக்கும் அதே வரிதான். இந்தப் பிரிப்பின்மை நியாயமாகத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் நடுவே புனேயில் பி. எஸ். ஜோஷி தனிமனித முயற்சியாகத் திரட்டிய சிற்றுரு ரயில்கள், 1998 ஏப்ரல் 1 அன்று கோத்ரூட் பகுதியில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டன. இயங்கும் மாதிரி ரயில்களை நம் நாட்டுப் பொதுமக்கள் காணக்கூடிய முதன்மையான இடம் இது. சென்னையில் 2002-இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் உண்மையான பழைய பெட்டிகளுடன் சிற்றுருக்களையும் காணலாம்.

மற்றபடி இந்திய ரயில் ஆர்வலர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள். வெளிநாட்டு எஞ்சினின் மோட்டாரையும் சக்கரத்தையும் எடுத்து, அதன்மேல் இந்திய உருவத்தைப் பொருத்துவது வழக்கமான முறை. முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்தபின் இது எளிதாகியுள்ளது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர், எச்.ஓ. அளவில் 24.5 செ.மீ. 1955 முதல் தயாரிக்கப்பட்ட அவ்வகைப் பெட்டியின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றுவிட்டது. அதனால் அளவெடுக்க உண்மைப் பெட்டி கைக்கெட்டும்போதே எடுத்துவைப்பது நல்லது.

புதிய வரவுகளில் இந்திய ஆர்வலர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2022-இல் ஹார்ன்பி 1:120 அளவில் புதிய வரிசையை அறிவித்தது. கிழக்கு ஐரோப்பாவில் முன்பே பரவியிருந்த அளவுதான் இது. இதன் தண்டவாள அகலம் 12 மி.மீ. ஐரோப்பிய ரயிலுக்காகச் செய்யப்பட்டதே ஆனாலும், எச்.ஓ. அளவில் விழுப்புரம்–புதுச்சேரி மீட்டர்பாதை வண்டிக்கு வேண்டிய அகலமும் அதுவே.