ஒலியும் காட்சியும் ஒரே பட்டத்தில்: பாடத்திட்ட அமைப்பு குறித்த ஆய்வு

ஒலி, காட்சித் தொழில்நுட்பக் கல்விக்கு ஒரே பிறப்பிடம் இல்லை. சென்னையில் அது 1945இல் அரசுப் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. பின்னாளில் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று பெயர்பெற்ற நிறுவனத்தின் வேர் அதுதான். ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரில் ஒலியியலாளர் எரிக் தீன்ஹவுஸ் 1949இல் தொடங்கிய டோன்மைஸ்டர் என்னும் ஒலிப்பதிவுப் பயிற்சி இசைக் கல்லூரிக்குள் வளர்ந்தது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் 1970இல் அதே பெயரில் ஓர் இசைப் பட்டத்தை நிறுவியது. சென்னை மரபு ஒலிப்பதிவாளரைக் கருவி அறிந்த தொழில்நுட்பராகக் கண்டது. டெட்மோல்ட் மரபு, இயற்பியல் அறிந்த இசைவாணராகக் கண்டது. இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1946இல் சிகாகோ பல்கலைக்கழக வேந்தர் ராபர்ட் ஹட்சின்ஸுக்கு எழுதிய கடிதத்தில், இசை, ஒலியியல், இயற்பியல், இயந்திரவியல் ஆகியவற்றில் தேர்ந்த ஒலி வல்லுநர்களைப் பல்கலைக்கழகம் உருவாக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். அவர் பட்டியலில் காட்சிக்குத் தனி இடம் இல்லை.

காட்சியையும் சேர்த்து ஒரு பட்டம் அமைக்கும்போது குழுக்கள் பெரும்பாலும் கூட்டல் கணக்கில் இறங்கிவிடுகின்றன. பாதித் தாள்கள் ஒலிக்கு, பாதி விடியோவுக்கு, மிஞ்சிய இடம் மென்பொருளுக்கு. இப்படிப் பிறக்கும் பட்டம் இரண்டு அரைப் பட்டங்களின் தொகுப்பு. அதில் படித்தவர் ஒலிப்பதிவுக் கூடத்திலும் கட்டை, படத்தொகுப்பு அறையிலும் கட்டை. இரண்டையும் ஒன்றாகக் கற்பிக்க அறிவுசார்ந்த காரணம் உண்டா என்பதே முதற்கேள்வி. உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். இரண்டுக்கும் கடிகாரம் ஒன்று, சைகைக் (சிக்னல்) கோட்பாடு ஒன்று, நுகரும் மனிதரும் ஒருவரே. இம்மூன்றும் முதுகெலும்பாக அமையாவிட்டால் இரண்டையும் தனித்தனிப் பட்டங்களாகவே நடத்திவிடலாம்.

கடிகாரத்திலிருந்து தொடங்கலாம். குறுந்தகட்டின் மாதிரியெடுப்பு வீதம் ஏன் 44,100 என்ற விநோத எண்ணாக இருக்கிறது என்ற கேள்விக்கு ஒலி நூல்களுக்குள் மட்டும் தேடினால் விடை பாதிதான் கிடைக்கும். மனிதச் செவி கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு இருமடங்குக்கு மேல் வேண்டும் என்பது சரி. ஆனால் 43,000 ஆகவோ 45,000 ஆகவோ ஏன் இல்லை? 1970களின் இறுதியில் எண்முறை ஒலியைச் சேமிக்கப் போதிய கொள்ளளவுடன் கைக்கெட்டியது விடியோ நாடாதான்; ஒலி மாதிரிகள் அதன் படக்கோடுகளில் பதியப்பட்டன. அமெரிக்க, ஜப்பானிய முறையில் ஒரு புலத்துக்கு (ஃபீல்டு) 245 கோடுகள், கோட்டுக்கு 3 மாதிரிகள், விநாடிக்கு 60 புலங்கள்: 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 3 மாதிரிகள், 50 புலங்கள்: அதே 44,100. ஒலியின் மிகப் பரவலான தரநிலைகளுள் ஒன்று தொலைக்காட்சியின் கோட்டுக் கணக்கிலிருந்து வந்தது.

இந்த உறவு வரலாற்றோடு முடியவில்லை. 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி, விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காட்சியுடன் சேர்ந்தால் ஃபிரேமுக்குச் சரியாக 1,920 மாதிரிகள். 29.97 ஃபிரேம் என்றால் 1,601.6, முழு எண்ணாக வர ஐந்து ஃபிரேம்கள் சேர வேண்டும். கச்சேரியைத் தனி ரெக்கார்டரிலும் தனி கேமராவிலும் பிடித்து, இரண்டின் கடிகாரங்களுக்கும் பத்து லட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு மணி நேர முடிவில் 36 மில்லி விநாடி நழுவியிருக்கும். தனியாவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் விரல் விழுந்த பிறகு சொல் கேட்கும், அல்லது விழுமுன்பே கேட்கும். இவ்விரண்டில் பின்னதே அதிகம் உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி.1359 பரிந்துரை, ஒலி முந்தினால் சுமார் 45 மில்லி விநாடியிலேயே பார்வையாளர் கண்டுகொள்வார் என்றும், பிந்தினால் 125 வரை கண்டுகொள்ளமாட்டார் என்றும் வரையறுக்கிறது. காரணம் அன்றாட இயற்பியல்: ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்லும். திரையரங்கில் ஒலிபெருக்கியிலிருந்து 14 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு ஒலி ஒரு ஃபிரேம் தாமதமாகவே வந்து சேர்கிறது. யாரும் குறை சொல்வதில்லை. முதல் ஆண்டிலேயே வைக்க வேண்டிய பாடம் இது. நடைமுறையில் அது ‘சிங்க் செய்தல்’ என்ற பெயரில் எடிட்டிங் மென்பொருளின் ஒரு பொத்தானாகச் சுருங்கிவிடுகிறது.

சைகைக் கோட்பாட்டின் பொதுமை இதைவிட ஆழமானது. போதிய அடர்த்தியின்றி மாதிரியெடுத்தால் ஒலியில் இல்லாத சுரம் ஒன்று கேட்கும். நெருக்கமான கோடு போட்ட சட்டையில் இல்லாத அலைவடிவம் நெளியும். ஓடும் வண்டியின் சக்கரம் திரையில் பின்னோக்கிச் சுழலும். மூன்றும் ஒரே பிழைதான். வேறுபடுவது அது காலத்தில் நிகழ்கிறதா, வெளியில் நிகழ்கிறதா என்பது. பிட் போதாமையும் இப்படித்தான்: ஒலியில் அடங்கிவரும் எதிரொலியின் வால் கரகரக்கும், காட்சியில் மாலை வானம் பட்டை பட்டையாகப் பிரியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, வேண்டுமென்றே கலக்கும் சிறு இரைச்சல். ஃபூரியே பகுப்பாய்வை ஒலிக்கு ஒரு பரிமாணத்திலும் படத்துக்கு இரண்டிலும் ஒரே ஆசிரியர் ஒரே தாளில் நடத்தினால் மாணவருக்கு நேரமும் மிச்சம், புரிதலும் கூடும். பொறியியல் கல்லூரிகள் இக்கணிதத்தை நன்றாகவே நடத்துகின்றன. ஆனால் சமன்பாட்டை எழுதிய மாணவர் அந்தப் பிழையைக் காதால் கேட்காமலே தேர்ச்சி பெற்றுவிட முடிகிறது.

மூன்றாவது, நுகரும் மனிதர். விடியோவின் நிறத் தகவலில் பாதியை வீசிவிட்டாலும் கண் பெரும்பாலும் உணராது. உரத்த ஒலிக்கு அருகே அதிர்வெண்ணில் நெருங்கிய மெல்லொலியைச் செவி உணராது. ஒளிபரப்பும் இணையவழிப் பரிமாற்றமும் இந்தக் குறைபாடுகள் மீதே கட்டப்பட்டுள்ளன. எனவே கண்ணையும் காதையும் பயிற்றுவது கலைநயம் கருதிய உபரிப் பாடமன்று. போலந்தின் வார்சா இசைக் கல்விக்கூடம் 1970களில் ‘ஒலிச்சாயல் பயிற்சி’ என்ற பாடத்தை உருவாக்கியது. மாணவர் இசையைக் கேட்டு, எந்த அதிர்வெண் பட்டை எவ்வளவு கூட்டப்பட்டது என்று சொல்ல வேண்டும். முதலில் 12 டெசிபல் மாற்றம், பிறகு 6, பிறகு 3 என்று இறங்குவது இத்தகைய பயிற்சிகளின் வழக்கம்.

இப்பயிற்சியை எங்கே வைப்பது என்பதில்தான் பல திட்டங்கள் தவறுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுக் கட்டமைப்பின்படி நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட். செய்முறையில் ஒரு கிரெடிட் 30 மணி நேரம். எட்டுப் பருவங்களிலும் தலா ஒரு கிரெடிட் ஒதுக்கினால் மொத்தம் 240 மணி நேரம், பட்டத்தில் 5 விழுக்காடு. அதே 240 மணியை இரண்டே பருவங்களில் திணித்தாலும் ஏட்டில் கணக்கு நேராகும், காதில் ஆகாது. புலன் பயிற்சி விட்டுவிட்டு நீண்டகாலம் செய்தாலே படியும். வாய்ப்பாட்டு ஆசிரியர் எவரையும் கேட்டால் இதைச் சொல்வார். காட்சிக்கும் இதே நெறி பொருந்தும், ஒரு வேறுபாட்டுடன். கண், அறை வெளிச்சத்துக்கு விரைவில் பழகிப்போய்ப் பொய் சொல்லும். ஆதலால் நிறத்திருத்தப் பயிற்சியில் அலைவடிவ மானியும் வெக்டர்ஸ்கோப்பும் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு எதிராக எழும் வாதம் வலுவானது. ஸ்டுடியோ கேட்பது புரோ டூல்ஸ், டாவின்சி ரிசால்வ் மென்பொருள்களில் கைபழகியவரை. கடன் வாங்கிப் படித்த மாணவருக்கு முதல் மாதமே வேலை வேண்டும். ஃபூரியே சோறு போடாது. இதில் பாதி உண்மை. கருவி பழகாத பட்டதாரி எவருக்கும் பயன்படார். ஆனால் கருவியின் ஆயுள் குறைவு. பீட்டாகேம் விடியோ நாடா வழக்கொழிந்துவிட்டது. அந்த நாடாவைத் தொகுக்கும் கலையில் மட்டுமே தேர்ந்திருந்தவரின் பட்டமும் அதனோடு காலாவதியானது. கருவிகளைத் தனித் தாளாக்காமல், கோட்பாட்டுத் தாள்களின் செய்முறையாக இணைப்பதே நடைமுறைக்கு உகந்த வழி. தொழிற்கூடப் பயிற்சிக்கு சர்ரே காட்டிய முன்மாதிரி உண்டு: அங்கு மாணவர் இடையில் ஓர் ஆண்டு ஸ்டுடியோக்களில் பணியாற்றிவிட்டு இறுதி ஆண்டுக்குத் திரும்புகிறார். திரும்புவதுதான் முக்கியம். கடைசிப் பருவத்தில் பயிற்சிக்கு அனுப்பினால், டப்பிங்கிலும் ரீரெக்கார்டிங்கிலும் கண்ட சிக்கல்களை வகுப்புக்குக் கொண்டுவர வாய்ப்பே இராது.

செலவில் அறைக்கே முதலிடம் தர வேண்டும், கன்சோலுக்கு அன்று. எதிரொலி அடங்கிய, வெளிச்சத்தம் புகாத ஒரு கேட்பறை, வெளிச்சம் கட்டுப்படுத்தப்பட்ட ஒரு நிறத்திருத்த அறை, அளவுத்திருத்தம் செய்த ஒலிபெருக்கிகள், மானிட்டர்: இவை இல்லாத இடத்தில் விலையுயர்ந்த மிக்ஸர் வாங்குவது விளம்பரப் படத்துக்கே உதவும். தேர்விலும் இதே நேர்மை தேவை. மூன்று மணி நேர எழுத்துத் தேர்வோடு, பிழை புகுத்திய ஒரு காட்சித்துண்டைத் தந்து, சிங்க் நழுவல், கட்டத் தலைகீழ், உரப்பளவு மீறல், நிறச் சாய்வு ஆகியவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்லும் தேர்வும் இருக்க வேண்டும்.

எஞ்சுவது சேர்க்கை. சர்ரே தன் மாணவரிடம் கணிதம், இயற்பியல், இசை மூன்றையும் எதிர்பார்க்கிறது. தமிழகத்தில் மேல்நிலைக் கல்வியின் கணித-இயற்பியல் பிரிவில் இசை சேர்வதில்லை. இசை கற்றவர் அதைப் பள்ளிக்கு வெளியே கற்றிருப்பார். ஆகவே பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பினால் நல்ல காதுகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். மேற்கத்திய இசைக்குறியீடு கேட்காத ஒரு கேட்புத் தேர்வு போதும்: இரண்டு சுருதிகளில் உயர்ந்தது எது, தாளத்தில் தட்டு எங்கே பிசகியது, ஒரே நாகஸ்வரத்தின் இரு பதிவுகளில் மைக் எதில் அருகில் இருந்தது என்ற அளவிலான கேள்விகள். கணிதத்தில் பின்தங்கியவருக்கும் இசை அறியாதவருக்கும் முதல் பருவத்தில் தனித்தனி இணைப்புப் பாடங்களை வைத்து, இரண்டாம் பருவத்திலிருந்து இரு சாராரையும் ஒரே வகுப்பில் அமர்த்தலாம்.