வெட்டுப்பட்டும் 'மாசிலாமணி'... திருமுல்லைவாயல் சிவனுக்கு ஏன் இந்தப் பெயர்?

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிற திருமுல்லைவாயலில் சிவனின் பெயர் மாசிலாமணீஸ்வரர். மாசு இல்லாத மணி என்று அர்த்தம். ஆனால் அந்த லிங்கத்தில் வாள் வெட்டு இருக்கிறது என்பதுதான் கோயிலின் கதையே!

வெட்டியது யார்?

குறும்பர்களோடு போருக்குப் போன தொண்டைமானின் யானை, வழியில் முல்லைக்கொடிகளில் சிக்கிக்கொள்கிறது. மேலே இருந்தபடியே வாளை வீசுகிறான். கொடிக்குள்ளிருந்து ரத்தம்! பதறி இறங்கிப் பார்த்தால் லிங்கம். உயிரை விடத் துணிந்தவனைத் தடுத்த சிவன், வெட்டுப்பட்டாலும் தான் மாசில்லாத மணிதான் என்று சொன்னதாகத் தல வரலாறு கூறுகிறது. நகைக்கடையில் கீறல் விழுந்த கல்லை யாரும் வாங்க மாட்டார்கள். இங்கே கீறலால்தான் பெயரே. சுந்தரரின் தேவாரத்திலும் தொண்டைமானின் யானையும் முல்லைக்கொடியும் வருகின்றன.

போருக்குத் துணையாக நந்தியையும் அனுப்பினாராம். அதனால்தான் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் கிழக்கே திரும்பி இருக்கிறது. குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் 2 வெள்ளெருக்குத் தூண்கள் சன்னதி முன் நிற்கின்றன. எருக்கு இவ்வளவு பருமனாக வளருமா என்று யோசிக்காமல் நகர முடியாது.

மற்ற மணிகள் என்ன ஆயின?

பாற்கடலில் வந்த கௌஸ்துபம் திருமாலின் மார்பில். சீதையின் சூடாமணி அனுமன் கையால் ராமனிடம். வம்பை இழுத்துவிட்டது சியமந்தகம்தான். சூரியன் சத்ராஜித்துக்குக் கொடுத்த, தினமும் பொன் தரும் மணி அது. அதை அணிந்து வேட்டைக்குப் போன தம்பி பிரசேனன் சிங்கத்துக்குப் பலியாக, திருட்டுப் பழி கண்ணன் மேல் விழுந்தது. ஜாம்பவானோடு 28 நாள் மல்லுக்கட்டி மணியை மீட்ட பிறகே பழி தீர்ந்தது என்கிறது பாகவதம். விநாயகர் சதுர்த்தி அன்று நிலாவைப் பார்க்காதே என்று வீட்டில் சொல்வதற்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் இந்தப் பழிதான். அங்கே மணியால் கடவுளுக்கே மாசு வந்தது, பாருங்கள்!

எப்போது பார்க்கலாம்?

வெட்டுக்காயம் என்பதால் மாசிலாமணீஸ்வரருக்கு வருடம் முழுக்கச் சந்தனக் காப்பு. சித்திரை மாத சதய நட்சத்திரத்தையொட்டி மட்டுமே அதைக் களைகிறார்கள். மற்ற நாட்களில் போனால் சந்தனத்தைத்தான் பார்க்கலாம். சென்ட்ரலிலிருந்து ஆவடி மின்சார ரயிலில் வருபவர்கள், அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.